ஐந்து கையெழுத்து வாங்கிய ஹார்ட் டிஸ்க்

வைஜெயந்தியின் பெயர் இருந்த ஹார்ட் டிஸ்க், டிசம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு உயிரை விட்டது. அவளுடைய கடிதம் அச்சாக இன்னும் ஒரு பட்டன்தான் பாக்கி. கம்ப்யூட்டர் நாலைந்து முறை கடக் கடக்கென்றது, பிறகு திரை கறுத்தது. டோக்கன் எண் 214-ஐக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நின்றிருந்த அவள் புருஷன் ஈஸ்வரனுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது.

ஈஸ்வரன் போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்தின் சரக்குக் கொட்டகையில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குவதையும் கப்பலில் ஏறுவதையும் எண்ணி, எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று எழுதுவதுதான் பத்தொன்பது வருடமாக அவர் செய்துவரும் வேலை. வைஜெயந்திக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. அதற்கான ஆபரேஷன் தீவில் நடக்காது. "மூணு மாசத்துக்குள்ள மெயின்லேண்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போவதற்கு ஒரு கடிதம் வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரோடு விமானத்தில் ஏறவும் அதுதான், சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியின் கதவு திறக்கவும் அதுதான். கடிதம் கொடுக்கிற இயக்ககம் அபர்டீன் பஜாருக்கு மேலே, மேட்டில் இருக்கிறது. பெயர்ப் பலகையில் அதன் பெயர் மூன்று வரிக்கு ஓடும். ஜனங்கள் மூச்சை மிச்சப்படுத்த லெட்டர் ஆபீஸ் என்பார்கள். டாக்டர்கள் குழு வைஜெயந்திக்கு ஒப்புதல் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த ஒப்புதல் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே இருந்தது. போன வருடம்தான் இயக்ககம் காகிதமில்லா அலுவலகமாக உயர்ந்து, தன்னுடைய பைல்களையெல்லாம் கூழாக்குவதற்கு மெயின்லேண்டுக்கு அனுப்பியிருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு மூட்டை. ஈஸ்வரனேதான் எண்ணி ஏற்றினார்.

"பயப்படாதீங்க அண்ணா" என்றாள் சங்கவி. அவள் அங்கே கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். "வெள்ளிக்கிழமைதான் முழு இமேஜ் எடுத்தேன். டிஸ்க்ல இருந்த ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே இன்னொரு டிஸ்க்ல நகல் பண்ணி பீரோவுல வெச்சிருக்கேன். புது டிஸ்க் ஒண்ணு வாங்கி அதுல இறக்கிட்டா, வெள்ளிக்கிழமை எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துரும். அண்ணியோட அப்ரூவல் வியாழக்கிழமையே ஏறிடுச்சு. டிஸ்க் கீழ பஜார்லயே கிடைக்கும். மதியத்துக்குள்ள லெட்டரோட வீட்டுக்குப் போயிடலாம்."

அந்த அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகும் மதியத்துக்குள் என்று சொல்ல அவளுக்கு மனசு வந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் தெரியும்.

சூப்பிரண்டு துரைசாமி எழுந்து வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எதிரே யார் வந்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் இல்லை என்பார்.

"சாப்பிட்டாச்சா ஈஸ்வரன்? பாருங்க, பழசு இருக்கும்போது புதுசு வாங்க முடியாது. வாங்கினா ரெண்டு ஆயிடும். ரெண்டு எதுக்குன்னு ஆடிட்ல கேப்பான். முதல்ல பழசு உதவாதுன்னு எழுதிக் கண்டம் பண்ணணும்."

"பழசுதான் செத்துப்போச்சே சார்."

"செத்துப்போச்சுன்னு நீங்க சொல்றீங்க, நான் சொல்றேன். கமிட்டி சொல்லணும் இல்லையா?"

கமிட்டி கூடுவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. பழுதான அரசுப் பொருள்களைக் கண்டம் செய்கிற அந்தக் கமிட்டி பல அலுவலகங்களுக்கும் பொதுவானது. அதற்கு முந்தைய கூட்டத்தில் ஒரு ஜீப்பையும் ஒரு டிங்கிப் படகையும் இரண்டு கறவை மாடுகளையும் அது கண்டம் செய்திருந்தது. ஆகவே படிவமும் பொதுவானது. இனம் என்ற இடத்தில் சங்கவி ஹார்ட் டிஸ்க் என்று எழுதினாள். நிறம், கறுப்பு. நோயின் அறிகுறி, சத்தம். கடைசியாக ஈன்ற தேதி என்ற இடத்தில் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டுக்கு விளக்கம் கேட்டுப் படிவம் ஒருமுறை திரும்பி வந்தது.

கமிட்டியில் கால்நடை டாக்டர் ஒருவரும் இருந்தார். டிஸ்கைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார்.

"வயசு என்ன?"

"நாலு, சார்" என்றாள் சங்கவி.

"நாலு வயசு ஒரு வயசா? அவசரப்பட வேண்டாம். பத்து நாள் அப்சர்வேஷன்ல வைங்க."

வைத்தார்கள். காலையும் மாலையும் டிஸ்கைப் பார்த்துக் குறிப்பெழுத ஓர் அட்டெண்டர் நியமிக்கப்பட்டார். இருபது குறிப்புகள் சேர்ந்தன. இருபதிலும் அசைவில்லை என்றே இருந்தது. பதினோராம் நாள் டிஸ்க் முறைப்படி இறந்ததாக அறிவிக்கப்பட்டு, விதிப்படி கமிட்டியின் முன்னிலையில் சுத்தியலால் நொறுக்கப்பட்டது. நொறுக்கியதற்குப் போட்டோ எடுத்தார்கள்.

ஈஸ்வரனால் இதையெல்லாம் வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வைஜெயந்தியால் அப்போதே படுத்துத் தூங்க முடியாது. மூன்று தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்.

"ஏங்க, அந்த டிஸ்க்கை ரெண்டு வேளையும் வந்து பாக்கறதுக்கு ஆள் போட்டிருந்தாங்களா? குடுத்து வெச்சது."

கட்டிலுக்கடியில் ஒரு பை தயாராக இருந்தது. நாலு புடவை, ஒரு சால்வை, எக்ஸ்ரே கவர். சென்னையில் ஆஸ்பத்திரி வார்டு ஏசி என்று யாரோ சொன்னதால் சால்வை. அந்தப் பையை அவள் வாரம் ஒருமுறை வெளியே எடுத்து, மடிப்பை மாற்றி, மறுபடி உள்ளே வைப்பாள்.

புது டிஸ்க் பஜாரில் வாங்கக்கூடாது. விலை ஒப்பந்தம் மெயின்லேண்டுக்காரரோடு. ஐம்பத்திரண்டாம் நாள் அது கப்பலில் வந்து ஹேடோவில் இறங்கியது. சிமெண்ட் மூட்டைக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவே கையகலப் பெட்டி ஒன்று. ஈஸ்வரனே எண்ணினார். பெட்டி ஒன்று, சென்னையிலிருந்து, லெட்டர் ஆபீசுக்கு என்று எழுதினார். உடனே துரைசாமிக்குப் போன் போட்டார்.

துரைசாமி வந்தார், பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார், முகம் வாடினார்.

"போர்ட் பிளேர்னு போட்டிருக்கானே. நம்ம ஆபீஸ் சீல்ல ஊர்ப் பேரை ஸ்ரீ விஜயபுரம்னு மாத்தியாச்சு."

"ஊர் ஒண்ணுதானே சார்."

"ஊர் ஒண்ணுதான். சீல் ஒண்ணு இல்லையே. இதை நான் வாங்கிக்கிட்டேன்னா, வேற ஊருக்கு வந்த சாமானை எடுத்த மாதிரி ஆயிடும். திருத்தக் கடிதம் வரட்டும்."

திருத்தக் கடிதம் வர பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் பெட்டி ஈஸ்வரனுடைய கொட்டகையில், அவர் மேஜையிலிருந்து எட்டடி தூரத்தில் இருந்தது. தினமும் காலையில் போய் அதைத் தொட்டுப் பார்ப்பார். சட்டைக்குள் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறி சங்கவியிடம் கொடுத்திருந்தால் இரண்டு மணி நேர வேலை. பத்தொன்பது வருடத்தில் கொட்டகையிலிருந்து ஓர் ஊசியைக்கூட அவர் அப்படி எடுத்ததில்லை. அந்த நேர்மையை நினைத்துப் பின்னாட்களில் அவர் தன்னையே திட்டிக்கொண்டார். வாழ்நாளில் அதற்குமுன் அவர் தன்னை அவ்வளவு மோசமாகத் திட்டிக்கொண்டதில்லை.

டிஸ்க் அலுவலகத்துக்குள் வந்த பிறகு, எப்படி மீட்பது என்று துரைசாமி ஒரு நோட்டு எழுதினார். அது ஐந்து மேஜை ஏறி, ஐந்து கையெழுத்து வாங்கி இறங்கியது. மார்ச் மூன்றாம் தேதி தரவு மீட்பு விழா என்று நாள் குறித்தார்கள். டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் நாலு நாள்தான் மிச்சம் இருந்தது.

விழாவுக்குப் பேனர் கட்டியிருந்தார்கள். குத்துவிளக்கு, தேங்காய், ரோஜா மாலை. புது டிஸ்குக்கும் இமேஜ் டிஸ்குக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தது. துளைக்குள் போய்விடப் போகிறதே என்று சங்கவி அதை ஓரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். பயனாளி என்ற பெயரில் ஈஸ்வரனுக்கு முன்வரிசையில் நாற்காலி. போட்டோவில் ஒரு பொதுஜனம் வேண்டியிருந்தது.

இணை இயக்குநர் ஸ்ரீநிவாஸ் பேசினார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தெலுங்கு, ஆபீசில் இந்தி, மேடையில் தமிழ்.

"டிஸ்க் போச்சு, சரி. அதனால இந்த ஆபீஸ் ஒரு நாளாவது நின்னுச்சா? எழுபத்தேழு நாளும் எல்லாரும் டைமுக்கு வந்தோம், டைமுக்குப் போனோம். அட்டெண்டன்ஸ் நூறு பர்சன்ட். மத்லப், அதாவது, இந்த இயக்ககம் ஓடுறதுக்கு டேட்டாவே தேவையில்லைன்னு நாம நிரூபிச்சிருக்கோம். இது சின்ன சாதனை இல்லை."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். திரையில் இரண்டு கட்டங்கள். மேலே எங்கிருந்து, கீழே எங்கே. துரைசாமி நோட்டைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார்.

"முதல் கட்டம், புதிய டிஸ்க். இரண்டாம் கட்டம், இமேஜ் டிஸ்க்."

"சார், மாறிப்போச்சு" என்றாள் சங்கவி. "இமேஜ்தான் மேல வரணும். புதுசு கீழ."

"நம்ம ஆபீஸ்ல எந்த ரிஜிஸ்டர்லயும் புதுசா வந்தது மேல, பழசு கீழ. அதுதான் முறை. அந்த முறைப்படிதான் எழுதியிருக்கேன்."

"ரிஜிஸ்டர்ல சரி சார். இது டிஸ்க். இப்படிப் போட்டா, புதுசுல இருக்கற ஒண்ணுமில்லாததை எடுத்து இமேஜ் மேல எழுதிடும். எல்லாம் அழிஞ்சிரும்."

துரைசாமி நோட்டின் கடைசிப் பக்கத்தை அவள் முகத்துக்கு நேரே காட்டினார். "இதுல அஞ்சு கையெழுத்து இருக்கும்மா. தப்புன்னா அஞ்சு பேருமா தப்பு?"

"திருத்திக்கலாமே சார்."

"திருத்தலாம். நோட்டு மறுபடி அஞ்சு டேபிளும் போய் வரணும். திருத்தம்னா மெதுவாத்தான் போகும், ஆறு வாரம் ஆகும்."

ஈஸ்வரனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு வார்த்தையை அவரளவுக்குத் தெரிந்தவர்கள் அந்த அறையில் யாருமில்லை. சரக்கு முழுக்க இருப்பது கீழ்க் கட்டத்தில். மேல் கட்டத்தில் வெறும் கப்பல். வெறும் கப்பலிலிருந்து இறக்கப் போகிறார்கள். இறக்கினால் கொட்டகையில் இருப்பது போய்விடும். அவர் எழுந்து நின்றார். ஆறு வாரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். அந்த மூன்று தலையணையும் அவர் கண்ணுக்குள் வந்து போயின.

"நோட்டைத் திருப்பி அனுப்பிடுங்க சார்" என்றார். "நாங்க காத்திருக்கோம்."

அறையில் ஒரு சலசலப்பு. ஸ்ரீநிவாஸ் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, நிஜமான வருத்தம்தான் இருந்தது.

"தேகோ பாய், பாருங்க. எழுபத்தேழு நாளா சீக்கிரம் சீக்கிரம்னு நீங்கதான் இங்க நடந்தீங்க. இன்னிக்கு நாங்க ரெடியா வந்து உக்காந்தா, லேட் பண்ணுங்கன்னு நீங்களே சொல்றீங்க. பப்ளிக்குக்கு என்ன வேணும்னு பப்ளிக்குக்கே தெரியறதில்லை. அதுக்குத்தான் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு."

"சார், அதுல என் வீட்டுக்காரி பேர் இருக்கு. அழிஞ்சிரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது."

"அந்தப் பொண்ணு கான்ட்ராக்ட்" என்றார் ஸ்ரீநிவாஸ், மென்மையாக.

பட்டனை அழுத்தினார். கம்ப்யூட்டருக்கு மட்டும் கொஞ்சம் மனசாட்சி இருந்தது. கீழ்க் கட்டத்து டிஸ்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், நிச்சயம்தானா என்று கேட்டது. ஸ்ரீநிவாஸ் அதை வாசித்துச் சிரித்தார். "எல்லா மெஷினும் இப்படித்தான் கேக்கும். முடிவெடுக்கப் பயப்படறவங்களுக்காக வெச்ச கேள்வி." நிச்சயம் என்று அழுத்தினார். சங்கவி கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினாள். துரைசாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் கையைப் பிடிக்கிற மாதிரி, வலிக்காமல்.

இரண்டு மணி நேரம் ஓடியது. அந்த நேரத்தில் சமோசாவும் டீயும் கொடுத்தார்கள். நூறு சதவீதம், வெற்றிகரமாக முடிந்தது என்று திரை சொன்னபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நகல் சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார்கள். சங்கவி சோதித்தாள். இரண்டு டிஸ்கும் அணுவளவும் வித்தியாசமில்லாமல் ஒன்றாக இருந்தன. அதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் புது டிஸ்கில் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டு, காத்திருப்போர் பட்டியலைத் திறந்தாள் சங்கவி. டிசம்பரில் முன்னூற்று நாற்பத்தொரு பேர் இருந்த இடத்தில் ஒரு பூஜ்யம் இருந்தது. ஸ்ரீநிவாஸ் திரையையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. 

"சைபரா?" என்றார் ஸ்ரீநிவாஸ்.

"சைபர் சார்."

"பெண்டிங் சைபர்." அவர் அந்த வார்த்தையை மறுபடி ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "துரைசாமி, இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேருந்து இந்த நம்பர் வந்திருக்கா?"

அன்று மாலையே மெயின்லேண்டுக்கு அறிக்கை போனது. தீவில் சிகிச்சைக்காகக் காத்திருப்போர் எவருமில்லை.

அதற்கு மறுநாள் ஈஸ்வரன் புது விண்ணப்பத்தோடு போனார். துரைசாமி சாப்பிட்டாச்சா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்தொண்ணாம் தேதி வரைக்கும் புதுசு எதுவும் ஏத்த வேண்டாம்னு சார் உத்தரவு. ஏத்தினா பெண்டிங் ஒண்ணாயிடும். பெண்டிங் சைபருக்காக நம்ம ஆபீசுக்குக் கேடயம் வரப்போகுது ஈஸ்வரன். கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஏப்ரல் ஒண்ணாந்தேதி காலைல முதல் டோக்கனே உங்களுக்குத்தான்."

"அவ தாங்க மாட்டா சார். டோக்கன் இருக்கு பாருங்க, இருநூத்துப் பதினாலு."

துரைசாமி டோக்கனை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இப்போ சிஸ்டத்துல ஒண்ணாம் நம்பரே இல்லையே. இருநூத்துப் பதினாலு எங்கேருந்து வரும்?"

சங்கவியின் நாற்காலி காலியாக இருந்தது. விழாவில் சந்தேகம் கிளப்பியதற்கு விளக்கம் கேட்டு, அவள் விளக்கம் எழுதுவதற்குள் கான்ட்ராக்ட்டை முடித்துவிட்டார்கள்.

மார்ச் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை. வைஜெயந்தி பையை எடுத்து மடியில் வைத்துச் சால்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஏங்க என்றாள். ஈஸ்வரன் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சால்வை பாதி மடித்தபடி இருந்தது. அவர் அதை முழுக்க மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார். ஏன் அப்படிச் செய்தோம் என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி வந்த கப்பலில் லெட்டர் ஆபீசுக்கு ஒரு பெட்டி இருந்தது. ஊர்ப் பெயர் சரியாக, புதிய பெயராக இருந்தது. கேடயம், உடையும் பொருள், கவனம் என்று எழுதியிருந்தது. தகவல் சொன்ன கால்மணி நேரத்தில் துரைசாமி வந்து நின்றார். அந்த அலுவலகம் அவ்வளவு வேகமாக நகர்ந்து ஈஸ்வரன் அன்றுதான் பார்த்தார்.

"சாப்பிட்டாச்சா? நேத்து உங்களை எதிர்பார்த்தேன். முதல் டோக்கனை யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கேன்."

"அவ போய்ப் பதினோரு நாள் ஆச்சு சார்."

துரைசாமியின் கண் நிஜமாகவே கலங்கியது. ஈஸ்வரனின் தோளில் கை வைத்தார். பிறகு கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"மனசு கஷ்டமா இருக்கு ஈஸ்வரன். ஒரு சின்ன உதவி. அவங்க எங்ககிட்ட விண்ணப்பமே போடலைன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடுங்க. பின்னால ஆடிட்ல யாராவது கேட்டா, கேடயத்துக்குக் கெட்ட பேர் வந்துடக்கூடாது பாருங்க."

 ஈஸ்வரன் பெட்டிக்கான சரக்குச் சீட்டை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். துரைசாமி பேனாவைத் திறந்து, புதுசு மேலே, பழசு கீழே என்ற தன் அலுவலக வழக்கப்படியே நிரப்பினார். எங்கிருந்து என்ற கட்டத்தில் தன் இயக்ககத்தின் மூன்று வரிப் பெயரை எழுதினார். எங்கே என்ற கட்டத்தில் சென்னை என்று எழுதினார். கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, தேதி போட்டார். சாயங்காலம் ஜீப் அனுப்புகிறேன், பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்தொன்பது வருடத்தில் இப்படி எத்தனையோ சீட்டு வந்திருக்கிறது. எழுதியவரைத் திரும்பக் கூப்பிட்டு, அண்ணே மாத்திப் போட்டுட்டீங்க என்று சொல்லித் திருத்தி வாங்குவதுதான் ஈஸ்வரனுடைய வழக்கம். துரைசாமி அப்போது கேட்டைத் தாண்டியிருக்கவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஈஸ்வரன் சீட்டைப் பார்த்தார். கையெழுத்து இருந்தது, சீல் இருந்தது. கையெழுத்தான ஒன்றைத் திருத்த அவருக்கு அதிகாரமில்லை. சீட்டைப் பெட்டியின் மேல் ஒட்டிவிட்டுத் தன் மேஜைக்குப் போனார்.

இரண்டு மணிக்குக் கூலிகள் வந்து, சீட்டில் இருந்தபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மெயின்லேண்டுக்குப் போக அதற்குக் கடிதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நான்கு மணிக்குக் கப்பல் கிளம்பியது. ஈஸ்வரன் டேலி புத்தகத்தில் ஏற்றியது ஒன்று என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.